ஸ்ப்ரேயர் கன்சோல்ல ரேட் 130-க்கும் 240-க்கும் ஆடுது, கன்சோல் போயிடுச்சா இல்ல சென்சாரா?

பூம்பன்னெண்டு:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. டிராக்டர் பின்னாடி இழுத்துட்டு போற ஸ்ப்ரேயர், பூம் (நாசில் மாட்டுற நீளக் கை) 12 மீட்டர், அரை மீட்டருக்கு ஒண்ணா 24 நாசில், மூணு செக்‌ஷன். நாசில் எல்லாம் நீலக் கலர், 03 சைஸ். கேபின்ல கன்சோல், பம்ப்புக்கு அப்புறம் மோட்டார் வச்ச ரெகுலேட்டிங் வால்வு, அடுத்து டர்பைன் டைப் ஃப்ளோ மீட்டர் (தண்ணி போறப்போ உள்ள சின்ன சக்கரம் சுத்தி அளக்குறது), அதுக்கப்புறம் செக்‌ஷன் வால்வு. ஹெக்டேருக்கு 180 லிட்டர்னு போட்டுட்டு 8 கிலோமீட்டர் வேகத்துல போனா முன்னாடியெல்லாம் 175, 185-க்குள்ளயே நிக்கும். இப்போ ஆட்டோல போட்டா 130-க்கு இறங்குது, ரெண்டு செகண்டு கழிச்சு 240-க்கு ஏறுது, மறுபடி இறங்குது, அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கு. ப்ரெஷர் கேஜ் முள்ளும் கூடவே ஆடுது. ஸ்க்ரீன்ல வேகம் மட்டும் 8-லயே நிக்குது.

இன்னொரு விஷயம், டேங்க் காலியானப்போ கன்சோல் 500 லிட்டர்தான் அடிச்சிருக்குனு காட்டுது, ஆனா டேங்க்ல ஊத்தினது 600. எங்கயும் ஒழுகல, தரையில ஈரம் இல்ல.

மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்துட்டு கன்சோல் போயிடுச்சு புதுசு போடுங்கன்னு சொல்லிட்டு போயிட்டாரு, ஒரு கனெக்டரைக்கூட கழட்டிப் பார்க்கல. ஸ்க்ரீன் நல்லா எரியுது, பட்டன் எல்லாம் வேலை செய்யுது. கன்சோல் என்ன சும்மாவா வருது, அவ்வளவு காசு போட்டு மாத்துறதுக்கு முன்னாடி நானே செக் பண்ற மாதிரி ஏதாவது இருக்கா? மல்டிமீட்டர் இருக்கு, வோல்ட் பார்க்கத் தெரியும், அதுக்கு மேல பெருசா தெரியாது. கன்சோல் என்ன கம்பெனினு கேக்காதீங்க, நாலு இலக்கத்துல வால்வு நம்பர் கேக்குற டைப்.

கலப்பை:

எர்த்தை பாருங்க மொதல்ல. பாதி கேஸ் அதுதான். கன்சோலுக்கு கரண்ட் லைட்டர் சாக்கெட்லருந்து எடுத்திருந்தா அதைப் பிடுங்கிப் போட்டுட்டு பேட்டரிலருந்து நேரா ரெண்டு வயர் இழுங்க, ஃபியூஸ் வச்சு.

வயர்மேன்:

தம்பி, இப்போதைக்கு கன்சோல்ல கை வைக்காதீங்க. கன்சோல் தானா எதையும் பார்க்குறதில்ல, வெளிலருந்து மூணு சமாச்சாரம் வாங்கி கணக்கு போடுது அவ்வளவுதான். ஃப்ளோ மீட்டர்லருந்து நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகுதுன்னு ஒண்ணு, வீல் சென்சார்லயோ ரேடார்லயோ ஜிபிஎஸ்லயோ வர்ற வேகம் ஒண்ணு, செக்‌ஷன் சுவிட்ச்ல எத்தனை மீட்டர் அகலம் திறந்திருக்குங்கிறது ஒண்ணு. நிமிஷ லிட்டரை 600-ஆல பெருக்கி, அதை அகலம் பெருக்கல் வேகத்தால வகுத்தா ஹெக்டேருக்கு எவ்வளவுன்னு வந்துடும். இந்த மூணுல எதாவது ஒண்ணு பொய் சொன்னா கன்சோல் அந்தப் பொய்யை நம்பி வால்வைத் திருப்பும், நம்ம கண்ணுக்கு கன்சோல் கெட்டுப்போன மாதிரி தெரியும்.

உங்க மெஷினுக்கே கணக்கு போட்டுப் பார்ப்போம். 03 நாசில் 3 பார் ப்ரெஷர்ல நிமிஷத்துக்கு 1.2 லிட்டர் விடும். 24 நாசிலுக்கு 28.8 லிட்டர். 28.8-ஐ 600-ஆல பெருக்கி, 12 பெருக்கல் 8, அதாவது 96-ஆல வகுத்தா 180. ஆக நீங்க கேக்குற 180-க்கு 3 பார், 28.8 லிட்டர்னு ரெண்டு நம்பர் கிடைச்சிருக்கு, இதை ஒரு பேப்பர்ல எழுதி கேபின்ல ஒட்டி வச்சுக்கோங்க, இனிமே எல்லா செக்கும் இதை வச்சுதான்.

இப்போ டேங்க்ல சுத்தமான தண்ணி மட்டும் ஊத்துங்க, மருந்து வேண்டாம். வண்டியை நிறுத்தி வச்சு பி.டி.ஓ. (பம்ப்பைச் சுத்துற டிராக்டர் பின் ஷாஃப்ட்) ஓட்டுங்க. கன்சோலை மேனுவல்ல போட்டு, மூணு செக்‌ஷனும் திறந்து, கேஜ்ல 3 பார் வர்ற வரைக்கும் சுவிட்ச்ல ஏத்துங்க. அப்புறம் கையை எடுத்துட்டு ஸ்க்ரீன்ல ரேட் பார்க்காம நிமிஷ லிட்டரை மட்டும் பாருங்க. மேனுவல்ல கன்சோல் வால்வைத் தொடாது, அதனால ப்ரெஷர் அப்படியே நிக்கணும். முள்ளு ஆடாம நிக்கிறப்போ லிட்டர் நம்பர் மட்டும் குதிச்சா கோளாறு அளக்குற பக்கம், அதாவது ஃப்ளோ மீட்டர், அதோட கேபிள், இல்ல லைன்ல காத்து. முள்ளும் லிட்டரும் ரெண்டுமே ஆடாம நின்னு, ஆட்டோக்கு மாத்தினா மட்டும் ஆட்டம் ஆரம்பிச்சா அது வால்வு பக்கம், இல்ல வால்வு நம்பர், இல்ல வேகம். மேனுவல்லயே முள்ளு ஆடினா எலக்ட்ரிக் சமாச்சாரமே இல்ல, சக்‌ஷன் ஃபில்டர் அடைப்பு, ஓஸ் உள்ள மடங்கிக் கிடக்குறது, பம்ப் வால்வு, ஏர் சேம்பர்ல காத்து குறைஞ்சது, இந்த மாதிரி. இந்த ஒரு டெஸ்ட்டைப் பண்ணாம எந்தப் பார்ட்டையும் வாங்காதீங்க.

வண்டி நிக்கும்போது ரேட் காட்டலைன்னு பயப்படாதீங்க, வேகம் பூஜ்யம்னா ரேட் கணக்கு வராது. நிறைய கன்சோல்ல செல்ஃப் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கும், அதுல 8-னு வேகம் போட்டா ஓடுற மாதிரி நினைச்சுக்கும். வண்டி லேசா நகர்ந்தாலே பல மாடல்ல அது அழிஞ்சுடும், அது நார்மல்தான்.

நாசில்பைத்தியம்:

இவ்வளவு சுத்தணுமா? 600 போனதுக்கு 500 காட்டுதுன்னா மீட்டர் கேலிப்ரேஷன் நம்பரை மாத்திட்டு போயிட்டே இருக்க வேண்டியதுதான். பழைய நம்பரை கன்சோல் காட்டின லிட்டரால பெருக்கி, நிஜமா போன லிட்டரால வகுங்க. பழைய நம்பர் 190-னு வச்சுக்குவோம், 190 பெருக்கல் 500 வகுத்தல் 600, 158 வரும். அதைப் போடுங்க, டோட்டல் டக்குனு சரியாயிடும்.

வயர்மேன்:

ஃபார்முலா கரெக்ட்தான், ஆனா இந்த நேரத்துல அதைப் போடக்கூடாது. அந்த நம்பர்ங்கிறது இத்தனை லிட்டருக்கு இத்தனை பல்ஸ், அதாவது டர்பைன் சுத்துறப்போ போற சிக்னல் துடிப்புன்னு சொல்ற மீட்டரோட குணம், மீட்டர் உடம்புலயே டேக்ல எழுதியிருப்பான். டர்பைன் தேய தேய ஒண்ணு ரெண்டு சதவீதம் நகரும், சரி. ஒரேயடியா 17 சதவீதம் நகர்ந்தா அது தேய்மானம் இல்ல, எதுவோ பிடிச்சு நிறுத்துது. இன்னைக்கு நம்பரைக் குறைச்சு சரிக்கட்டிட்டு நாளைக்கு அந்த அடைப்பு தானா போயிடுச்சுன்னா கன்சோல் நிஜத்தைவிட அதிகமா போகுதுன்னு நினைச்சு வால்வை மூடும், மருந்து பத்தாம களை சிரிச்சுட்டு நிக்கும். ரிப்பேரை முடிச்சுட்டு மிச்சம் இருக்குற வித்தியாசத்துக்குத்தான் அந்த ஃபார்முலா.

இன்னொண்ணும் இதுல கவனிங்க, தப்பு எந்தப் பக்கம் சாயுதுங்கிறதே பாதி பதில் சொல்லிடும். டேங்க்லருந்து போனதைவிட கன்சோல் கம்மியா காட்டுனா மீட்டர் மெதுவா சுத்துது இல்ல பல்ஸ் பாதி வழில தொலையுது. அதிகமா காட்டுனா லைன்ல காத்து போய் டர்பைனை விசுறுது, இல்ல கேபிள்ல வேற எங்கயோ இருந்து கரண்ட் இரைச்சல் ஏறி பொய் பல்ஸ் வருது, இல்லன்னா கலக்கிக்குப் போற லைனை மீட்டருக்கு அப்புறம் எடுத்திருப்பாங்க, அந்தத் தண்ணி மீட்டர் வழியா போய் திரும்ப டேங்க்லயே விழும். தம்பியோடது முதல் ரகம். இதுல இன்னொரு வினை என்னன்னா, மீட்டர் கம்மியா சொல்றதால கன்சோல் பத்தலைன்னு நினைச்சு வால்வைத் திறந்து விட்டிருக்கு, பயிருக்கு 20 சதவீதம் கூட விழுந்திருக்கு. இது சரியாகுற வரைக்கும் ஆட்டோல மருந்து அடிக்காதீங்க. அவசரம்னா மேனுவல்ல 3 பார் வச்சு 8 கிலோமீட்டர்ல கியர் மாத்தாம ஓட்டுங்க, அது போதும்.

புதுவரவு:

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, என்னோடதுலயும் இதே ஆட்டம்தான் ஆனா எனக்கு வேகம்தான் ஆடுது. 7-னு காட்டும், திடீர்னு 0, அப்புறம் 7. பூஜ்யம் ஆனதும் வால்வு மூடிக்குது. வீல்ல காந்தம் ஒட்டி அதுக்கு எதிர்ல சென்சார் இருக்குற டைப். தனி த்ரெட் போடணுமா?

கலப்பை:

இங்கயே கேளுங்க பரவால்ல. சக்கரத்தை ஜாக்கில தூக்கி கையால மெதுவா சுத்திப் பாருங்க. ஒரு காந்தம் விழுந்திருந்தா இடைவெளி தெரியும். சென்சார் பிராக்கெட் வளைஞ்சு காந்தத்துக்கும் சென்சாருக்கும் தூரம் கூடியிருந்தாலும் இப்படித்தான், வரப்புல ஏறி இறங்குறப்போ மட்டும் விடும்.

வயர்மேன்:

கலப்பை சொன்னதோட இன்னொண்ணு, சக்கரத்தை நிறுத்தி வச்சுட்டு கேபிளை மட்டும் ஆட்டிப் பாருங்க, குறிப்பா வண்டியையும் ஸ்ப்ரேயரையும் சேர்க்குற கொக்கி கிட்ட, அப்புறம் பூம் மடியுற கீல் கிட்ட. வயர் உள்ள அறுந்திருக்கும், மேல ரப்பர் நல்லா இருக்கும், வெளில ஒண்ணும் தெரியாது. திரும்புறப்போ மட்டும் பூஜ்யம் ஆனா அது கேபிள்தான். நேரா போறப்பவும் ஆனா சென்சார் இல்ல காந்தம். சென்சாரை இழுவை இல்லாத சக்கரத்துல மாட்டுங்க, இழுக்குற சக்கரம் சறுக்குறப்போ கன்சோல் வேகமா போறதா நினைச்சு கூடுதலா ஊத்தும். வேக நம்பரை தார் ரோட்டுல அளக்காதீங்க, வயல்ல, பாதி டேங்க் தண்ணியோட, 100 மீட்டர் டேப் வச்சு அளந்து ஓட்டி சரி பண்ணுங்க, இளகின மண்ணுல டயர் அமுங்கி சுத்தளவே மாறும்.

ரேடார் வச்சிருக்குறவங்களுக்கு வேற கதை. அது கீழ இருக்குறது நகருதான்னுதான் பார்க்கும், காத்துல பயிர் ஆடுனா வண்டி நின்னாலும் வேகம் காட்டும்.

பூம்பன்னெண்டு:

வயர்மேன் அண்ணே, நீங்க சொன்ன மேனுவல் டெஸ்ட் பண்ணிட்டேன். 3 பார்ல நிறுத்தினேன், முள்ளு அசையல, அப்படியே நின்னுச்சு. ஆனா லிட்டர் நம்பர் 24, அப்புறம் 17, அப்புறம் 26, திரும்ப 19-னு ஓடுது. 28.8 ஒரு தடவைகூட வரல. அப்போ அளக்குற பக்கம்தானே? மெக்கானிக் கிட்ட சொன்னேன், மீட்டரும் சேர்த்து மாத்திடலாம்னு சொல்றாரு.

கலப்பை:

எல்லாத்தையும் மாத்தினா எதாவது ஒண்ணு சரியாத்தான் போகும், அதுல அவருக்கு சந்தேகமே இல்ல.

வயர்மேன்:

ரொம்ப நல்லது, பாதி வேலை முடிஞ்சது. இப்போ கேபிளா மீட்டரானு பிரிக்கணும். பி.டி.ஓ. நிறுத்திடுங்க. ஃப்ளோ மீட்டர்ல மாட்டியிருக்குற கனெக்டரைக் கழட்டுங்க. வட்டமா மூணு ஓட்டை இருக்குற டைப்னா, காடி (கனெக்டர் விளிம்புல இருக்குற பள்ளம்) மேல பார்க்குற மாதிரி பிடிச்சா கடிகாரத்துல 2 மணி, 6 மணி, 10 மணி இருக்குற இடத்துல ஓட்டை இருக்கும். ரேவன்ங்கிற கம்பெனி கன்சோல்ல 2 மணி எர்த், 10 மணி கரண்ட், 6 மணி சிக்னல். கன்சோலை ஆன் பண்ணி மல்டிமீட்டரை டி.சி.ல வச்சு 2-க்கும் 10-க்கும் நடுவுல பாருங்க, 5 வோல்ட் கிட்ட வரணும், 2-க்கும் 6-க்கும் நடுவுலயும் 5 வரணும். வேற மேக்ல பின் வரிசை வேற, வோல்ட்டும் 8, 12-னு மாறும், அதனால உங்க மேனுவலைப் பார்த்துட்டு தொடுங்க.

வோல்ட் சரியா இருந்தா அடுத்தது பேப்பர் கிளிப் டெஸ்ட். கன்சோல்ல மீட்டர் நம்பரை மொதல்ல எழுதி வச்சுக்கோங்க, இது முக்கியம், நிறைய பேர் எழுதாம மாத்திட்டு அப்புறம் டேக் அழிஞ்சு போய் முழிப்பாங்க. எழுதிட்டு அதை 1-னு மாத்துங்க. செக்‌ஷன் சுவிட்ச்சும் மாஸ்டர் சுவிட்ச்சும் ஆன். ஒரு கிளிப்பை வளைச்சு எர்த்தையும் சிக்னலையும் தொட்டுத் தொட்டு எடுங்க, 2-ம் 6-ம். கரண்ட் பின்னைத் தொடாதீங்க, எர்த்தோட கரண்ட்டைச் சேர்த்தா ஷார்ட் ஆகும். ஒவ்வொரு தடவை தொடுறப்பவும் மொத்த லிட்டர் ஏறணும். ஏறினா கேபிளும் கன்சோலும் சுத்தம், குற்றவாளி மீட்டர்தான். ஏறலைன்னா ஒரு கேபிள் துண்டைக் கழட்டிட்டு கன்சோலுக்குக் கிட்டத்துல இருக்குற அடுத்த கனெக்டர்ல இதையே பண்ணுங்க, எங்க ஏற ஆரம்பிக்குதோ அதுக்கு முந்தின துண்டுதான் கெட்டது. தொடுறப்போ இன்னொருத்தரை விட்டு கேபிளை ஆட்டச் சொல்லுங்க.

பின்னுல பச்சையா பூத்திருந்தா உப்பு உரமும் மருந்தும் செம்பைத் தின்னுது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய வச்சு, எலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சமா தடவி மூடுங்க.

நாசில்பைத்தியம்:

நான் சொன்னதை வாபஸ் வாங்கல, வரிசையை மட்டும் மாத்திக்கிறேன். ஆனா மீட்டரைத் திறக்குறதுக்கு முன்னாடி கிளவுஸ் போடுங்க ப்ரோ, லைன் முழுக்க தண்ணி விட்டு கழுவிட்டு திறங்க. மீட்டர்ல அம்புக்குறி இருக்கும், எந்தப் பக்கம் பார்க்குதுன்னு போனில் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, திரும்ப மாட்டும்போது தலைகீழா மாட்டிட்டு இன்னொரு த்ரெட் போடாதீங்க.

திறந்ததும் உள்ள இருக்குற டர்பைனை வாயால ஊதக்கூடாது, கம்ப்ரஸர் காத்தையும் முழுசா விடக்கூடாது. கம்ப்ரஸர் வேகத்துல அது விர்ருனு சுத்தி பேரிங் போயிடும். லேசா, 5 பி.எஸ்.ஐ. அளவுக்கு விட்டா போதும், தங்குதடையில்லாம சுத்தி தானா மெதுவா நிக்கணும். சட்டுனு நின்னா உள்ள பிடிக்குது.

பூம்பன்னெண்டு:

கிடைச்சுடுச்சு!! கிளிப் டெஸ்ட்ல ஒவ்வொரு தொடலுக்கும் நம்பர் ஏறுச்சு, கேபிளை எவ்வளவு ஆட்டினாலும் ஏறுது, அதனால மீட்டரைக் கழட்டினேன். டர்பைனோட அச்சுல வெள்ளையா நூல் மாதிரி சுத்தியிருந்துச்சு, இடுக்கியால இழுத்தா விரல் நீளத்துக்கு வருது, பார்த்தா பிளம்பிங் டேப். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஓஸ் நிப்பிள் மாத்தினப்போ சுத்தின டேப் பிய்ஞ்சு உள்ள போயிருக்கு. டர்பைன் இறக்கை நுனியில காந்தம் இருக்குற இடத்துல கறுப்பா இரும்புத்தூளும் ஒட்டியிருந்துச்சு, அதை பல் தேய்க்குற பழைய பிரஷால தேய்ச்சு எடுத்தேன். லேசா காத்து விட்டா இப்போ வழுக்கிட்டு சுத்துது.

மாட்டிட்டு தண்ணில ஓட்டினேன். 3 பார்ல 28.3, 28.5, 28.4. நின்னுடுச்சு. மேனுவல்ல ஆட்டமே இல்ல. அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி.

ஆனா ஆட்டோல போட்டா இன்னும் லேசா ஆடுது. முன்னாடி மாதிரி 130, 240 இல்ல, 165-லருந்து 195 வரைக்கும். முக்கியமா வேகம் மாத்துறப்போ தாண்டிப் போய்ட்டு திரும்ப வருது. இது நார்மலா?

வயர்மேன்:

நார்மல் இல்ல, ஆனா பெரிய நோயும் இல்ல. அந்த நாலு இலக்க வால்வு நம்பர் இப்போ என்ன இருக்குன்னு பாருங்க. மீட்டர் ஆடுனப்போ யாராவது அதை நோண்டியிருக்கலாம்.

பூம்பன்னெண்டு:

2921-னு இருக்கு. நான் மாத்தினதா ஞாபகம் இல்ல, மெக்கானிக் அன்னைக்கு ஏதோ அமுக்கிட்டு இருந்தாரு.

வயர்மேன்:

அதான். ரேவன்ல சாதாரண மோட்டார் வால்வுக்கு ஆரம்ப நம்பர் 2123, உங்க கன்சோலும் அதே முறைன்னா ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. முதல் இலக்கம், வால்வு திசை மாறுறப்போ கியர்ல இருக்குற தளர்ச்சியை எடுக்க முதல்ல கொடுக்குற தள்ளு. ரெண்டாவது வால்வு சுத்துற வேகம், சாதாரண வால்வுக்கு 1 மெதுவு, 9 வேகம். மூணாவது பிரேக் பாயின்ட், டார்கெட்டை நெருங்குறப்போ எவ்வளவு தூரத்துலயே வேகத்தைக் குறைக்கணும்ங்கிறது. கடைசி இலக்கம் டெட்பேண்ட், எத்தனை சதவீத வித்தியாசத்தைக் கண்டுக்காம விடணும்ங்கிறது, 3-னா 3 சதவீதம்.

உங்களுதுல ரெண்டாவது இலக்கம் 9, வால்வு தலைதெறிக்க ஓடுது, கடைசி 1, அதாவது 1 சதவீதம் தப்பினாலும் உடனே துரத்துது. இப்படி வச்சா எந்த வால்வும் நிக்காது. 2123-க்கு மாத்துங்க. அதுலயும் ஆடினா பிரேக் பாயின்ட்டை ஒண்ணு ஒண்ணா ஏத்திப் பாருங்க. சோம்பலா திருத்துற மாதிரி இருந்தா மட்டும் வேகத்தை ஒரு படி கூட்டுங்க. ஒரே நேரத்துல ரெண்டு இலக்கத்தை மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாம போயிடும். ஃபாஸ்ட் வால்வு வச்சிருக்குறவங்க இதைப் படிச்சுட்டு அப்படியே போட்டுடாதீங்க, அதுக்கு ஆரம்ப நம்பர் 743, வேக இலக்கமும் தலைகீழ், 0 வேகம், 9 மெதுவு.

இன்னும் ஒரு விஷயம், ப்ரெஷர் பக்கமும் யோசிங்க. ஃப்ளோ ரெண்டு மடங்கு வேணும்னா ப்ரெஷர் நாலு மடங்கு வேணும். 8 கிலோமீட்டருக்கு 3 பார்னா 10-ல போனா 36 லிட்டர் வேணும், அதுக்கு 4.7 பார் ஏறணும். 16-ல போகணும்னா 12 பார், சாதாரண ஃபேன் நாசில் அதுக்கு ஆனதில்ல, புகையா பறந்து பக்கத்து வயலுக்குப் போயிடும். இப்படி எட்டாத இடத்துக்கு வேகமா போனாலும் கன்சோல் வால்வைக் கடைசி வரைக்கும் திறந்துட்டு அலாரம் அடிக்கும், அதைக் கோளாறுன்னு நினைக்கக்கூடாது.

புதுவரவு:

அப்டேட்: கேபிள்தான். கொக்கி கிட்ட இருந்த கனெக்டர் உள்ள பச்சையா பூத்து ஒரு பின்னு கையோட வந்துடுச்சு. ஆட்டினதும் ஸ்க்ரீன்ல வேகம் வந்து வந்து போச்சு. பின்னு மாத்திட்டேன், வேகம் இப்போ நிக்குது. கலப்பை அண்ணன் சொன்ன மாதிரி எர்த்தும் எடுத்துப் பார்த்தேன், பெயின்ட் மேல போல்ட் போட்டிருந்தாங்க, சுரண்டிட்டு மாட்டினேன்.

எனக்கு ஒரு சந்தேகம், என்கிட்ட ஃப்ளோ மீட்டர் இல்ல, ப்ரெஷர் சென்சார் வச்சு கணக்கு போடுற கன்சோல். பம்ப் ஆஃப்ல இருக்குறப்பவே 0.4 பார் காட்டுது. விட்டுடலாமா?

வயர்மேன்:

விடாதீங்க. லைனைத் திறந்து ப்ரெஷரை முழுசா இறக்கிட்டுப் பாருங்க, செக்‌ஷன் வால்வு மூடியிருந்தா உள்ளயே கொஞ்சம் தேங்கி நிக்கும். இறக்கினப்புறமும் 0.4 காட்டுனா கன்சோல்ல ஜீரோ செட் பண்ற இடம் இருக்கும், அங்க ப்ரெஷர் இல்லாத நிலையில பூஜ்யம் ஆக்குங்க. பண்ணியும் நாளுக்கு நாள் நகர்ந்தா சென்சார் டயாஃப்ரம் போகுது. ரெண்டு வயர் சென்சார்னா பெரும்பாலும் 4-20 மில்லியாம்ப் டைப், ப்ரெஷர் இல்லாதப்போ 4 மில்லியாம்ப் ஓடணும், பூஜ்யம் வந்தா வயர் அறுந்திருக்கு. மீட்டரை ஆம்ப் முறையில மாத்தி, லைன்ல தொடரா போட்டு அளக்கணும், வோல்ட் பார்க்குற மாதிரி குறுக்கே வைக்காதீங்க.

அப்புறம் ப்ரெஷர் முறையில ஒரு குறை இருக்கு, நாசில் சைஸ் என்னன்னு நீங்க சொன்னதைத்தான் அது நம்புது. நாசில் தேஞ்சிருந்தாலோ அடைச்சிருந்தாலோ அதுக்குத் தெரியாது.

நாசில்பைத்தியம்:

என் ஏரியா வந்துடுச்சு. பூம்பன்னெண்டு ப்ரோ, நீங்களும் கேளுங்க, உங்க மீட்டர் இப்போ 28.4 காட்டுது, ஆனா மீட்டர் சொல்றதை அளந்து பார்த்தீங்களா? 3 பார்ல வச்சு ஒவ்வொரு நாசில் கீழயும் அளவு ஜாடி பிடிச்சு ஒரு நிமிஷம் பிடிங்க. 1.2 லிட்டர் வரணும். புதுசுல வர்றதைவிட 10 சதவீதத்துக்கு மேல கூட வர்றது, அதாவது 1.32-க்கு மேல, தூக்கிப் போட வேண்டியது. கம்மியா வர்றது அடைப்பு, கழட்டி பிரஷால தேயுங்க, குத்தூசி விட்டு நோண்டாதீங்க. 24-ஐயும் கூட்டி வர்ற மொத்தத்தை கன்சோல் காட்டுற லிட்டரோட ஒப்பிடுங்க. இப்போ வர்ற வித்தியாசத்துக்கு நான் மொதல்ல சொன்ன ஃபார்முலா போடலாம், வயர்மேன் திட்ட மாட்டாரு. டேங்க்ல இருக்குற கோட்டை நம்பி கேலிப்ரேஷன் பண்ணாதீங்க, கொஞ்சம் சரிவுல நின்னாலே பத்து இருபது லிட்டர் பொய் சொல்லும்.

பூம்பன்னெண்டு:

ஜாடி வச்சுப் பிடிச்சேன். பெரும்பாலானது 1.18, 1.2. மூணு நாசில் 1.35-க்கு மேல. அதை மாத்திட்டு மறுபடி பிடிச்சதுல மொத்தம் 28.7, கன்சோல் அப்போ 28.2 காட்டுச்சு. ஃபார்முலா போட்டு மீட்டர் நம்பரை ஒரு துளி குறைச்சேன். வால்வு நம்பர் 2123 போட்டதும் ஆட்டோல 177, 183-க்குள்ள நிக்குது. வேகம் மாத்தினா ரெண்டு மூணு செகண்டுல பிடிச்சுக்குது.

கடைசியா ஒண்ணே ஒண்ணு, செக்‌ஷன் சுவிட்ச் சரியா கணக்குல வருதான்னு எப்படிப் பார்க்குறது? அந்த மூணாவது பொய் இன்னும் செக் பண்ணல.

வயர்மேன்:

அது சுலபம், ஆனா நிறைய பேர் விட்டுடுறது. செல்ஃப் டெஸ்ட்ல 8 கிலோமீட்டர் போட்டு ஆட்டோல ஓட விடுங்க, 3 பார்ல நிக்கும். ஒரு செக்‌ஷனை ஆஃப் பண்ணுங்க. லிட்டர் 28.8-லருந்து 19.2-க்கு இறங்கணும், ரேட் 180-லயே நிக்கணும், முள்ளு ஒரு குதி குதிச்சுட்டு 3 பாருக்கே திரும்பி வரணும். மூணு செக்‌ஷனுக்கும் தனித்தனியா பண்ணுங்க.

ஆஃப் பண்ணினதும் ரேட் 120-க்கு விழுந்து ப்ரெஷர் ஏறிட்டே போனா வால்வு மூடியிருக்கு, ஆனா கன்சோல் அந்த அகலத்தைக் கழிக்கல. இதைவிட மோசம் இதுக்கு நேர் எதிரானது. சுவிட்ச்லருந்து கன்சோலுக்குப் போற வயர் அறுந்துடும், வால்வு திறந்து தண்ணி போயிட்டிருக்கும், கன்சோலோ 8 மீட்டர்தான் ஓடுதுன்னு நினைச்சு 19.2 லிட்டர் மட்டும் விடும். ஸ்க்ரீன்ல 180 அழகா நிக்கும், வயல்ல விழுறது 120. அலாரம் எதுவும் அடிக்காது. கண்டுபிடிக்க ஒரே வழி கேஜைப் பார்க்குறதுதான், 3 பார் இருக்க வேண்டிய இடத்துல 1.3 பார்ல நிக்கும். அதுக்குத்தான் அந்த ரெண்டு நம்பரையும் எழுதி ஒட்டச் சொன்னேன்.

கலப்பை:

வெல்டிங் வேலை ஏதாவது பூம்ல பண்றதா இருந்தா கன்சோல் கனெக்டரையும் பேட்டரியையும் கழட்டிட்டுப் பண்ணுங்க. அப்புறம் நிஜமாவே கன்சோல் போயிடும்.

பூம்பன்னெண்டு:

செக்‌ஷன் மூணும் பார்த்தேன், 19.2, 19.0, 19.1, ரேட் 180 கிட்டயே நிக்குது, கேஜும் 3-க்குத் திரும்புது. மெக்கானிக்குக்கு போன் பண்ணி கன்சோல் ஆர்டர் போட வேண்டாம்னு சொல்லிட்டேன், மூணு நாசிலும் ஒரு ஓ ரிங்கும்தான் செலவு. த்ரெட்டை மூடிக்கலாம், புதுவரவோட ப்ரெஷர் சென்சார் கேள்வி இருந்தா அவர் தொடரட்டும்.